அணைக்கட்டில் பெண் பார்த்தது

எங்கள் பக்கத்தில் ஒரு வரன் தட்டிப்போக ஜாதகம் வேண்டியதில்லை, தண்ணீர்க் குழாயே போதும். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்தார். குடி கிடையாது, கடன் கிடையாது, பார்க்கவும் லட்சணம். இருந்தும் 'தண்ணியில்லாக் காட்டுக்கு எப்படிப் பொண்ணு குடுக்க?' என்று வந்த இடமெல்லாம் விலகிப் போயின.

கடைசியாக ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. அவர்களை எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வரவிட்டால் தெருவில் வரிசையாக நிற்கும் காலிக்குடங்கள் காரியத்தைக் கெடுத்துவிடும் என்று அம்மா பயந்தாள். மற்றவர்கள் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பார்கள். அம்மா அணைக்கட்டைச் சொன்னாள். எங்கள் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, அதைக் காட்டியே பேசி முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கடலைமிட்டாய்ப் பெட்டியும் புளியோதரைத் தூக்குவாளியுமாக வேனில் போய் இறங்கினோம். எனக்கு அப்போது ஏழு வயது. எதைப் பேசக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை.

அணைக்குக் கீழே, பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கூடம் இருந்தது. பெண் வீட்டார் அங்கே வந்து காத்திருந்தார்கள். நடுவில் மேஜையளவுக்கு மலை, அணை, ஊர்கள் எல்லாம் மண்ணில் செய்து வைத்திருந்தார்கள். ஊர்ப்பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பொத்தானை அமுக்கினால் அணையிலிருந்து அந்த ஊர்வரைக்கும் நீலப் பல்புகள் எரியும். பெண்ணின் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்க ஊரு கரிசக்காடுல்லா, தண்ணிக்கு எப்படி?"

"அதெல்லாம் அந்தக் காலம் அண்ணாச்சி. இப்ப தெனமும் வருது," என்று அம்மா கூசாமல் சொல்லிவிட்டு எங்கள் ஊர்ப் பொத்தானை அமுக்கினாள். எங்கள் ஊர்ப் பல்பும் பளிச்சென்று எரிந்தது. மாமாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தாள். நான் அப்போதே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெளியே குழாயடிக்கு வந்தோம். பெண்ணின் அம்மா குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, யாரிடமோ பேசிக்கொண்டே சாவகாசமாகக் கை கழுவினாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ஓடிப்போய்த் தூக்குவாளியை அவள் கைக்குக் கீழே பிடித்தேன்.

"யம்மா, தண்ணி பூராம் வீணாப் போவுது! பாட்டிலக் கொண்டா. நம்ம தெருவுக்கு அடுத்த வாரந்தான வரும்?"

"சின்னப்புள்ள, சும்மா வெளையாடுதா," என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அந்தப் பெண்தான் என் பக்கத்தில் வந்தாள். வேனிலிருந்த காலிப் பாட்டில்களை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி என் மடியில் வைத்தாள். "சிந்தாமக் கொண்டு போணும், என்ன?" என்று கன்னத்தைத் தட்டினாள். மாமாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

வேன் கயத்தாறு தாண்டும்வரை அம்மா முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். தண்ணீரைக் கேட்காமல் பிடித்ததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். சமாதானப்படுத்துவதற்காக, "அத்த நல்லவ, என்ன மாமா? நம்ம வீட்டுக்கு எப்ப வருவா?" என்று கேட்டேன். மாமா என் தலையைத் தடவினார்.

நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். எங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவள் எங்களோடு சேர்ந்துவிட்டாள் என்றே நம்பினேன். வர மாட்டேன் என்பதை இத்தனை பிரியமாகவும் சொல்ல முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.