மேடையில் கொடுத்த தோள்

"தோள் கொடுப்போம்" என்று யாராவது ஒலிவாங்கியில் சொன்னால் இன்றைக்கும் என் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லோடு, சட்டைக்குள் இறுக்கிக் கட்டியிருந்த ஆஸ்பத்திரி இடுப்புப் பட்டியும், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் மேடைப் படிகளும், கழுத்தில் குத்திய பொன்னாடைச் சரிகையும் சேர்ந்து வந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அங்குள்ள கடைக்கு வந்த பால் பெட்டிகளைத் தூக்கப் போனவன் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் படுக்கைதான். மனைவி ஓர் அலுவலகத்தில் அரைநேரத் துப்புரவு வேலைக்குப் போனாள். அரசாங்கத்தின் பெனிபிட் காசு கொஞ்சம் வந்தது, காணாது. பிள்ளைகளின் காலுக்குச் சப்பாத்து வாங்குவதைக்கூட அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் செயலாளர் அண்ணை வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அவர். மோர்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் விடமாட்டார். வருடாந்த ஒன்றுகூடலில் நன்றியுரை எப்போதும் அவருடையதுதான். அதில் யாருக்கு என்ன சொல் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பணம் தந்தவர் சங்கத்தின் தூண். மண்டபம் ஒழுங்கு செய்தவர் முதுகெலும்பு. இவர்களுடைய மனைவிமார் பக்கபலம். சமையலுக்கு நின்றவர்கள் உறுதுணை. கதிரை அடுக்கியவர்கள் ஒத்தாசை. ஒருமுறை ஒரு தூணை வாய் தவறி உறுதுணை என்று சொல்லிவிட்டார், அடேயப்பா, அந்த மனிதர் அதற்குப் பிறகு வெகுகாலம் சங்கப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நான் எப்போதும் ஒத்தாசைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. கதிரை அடுக்குகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே ஒரு நிம்மதி.

விழுந்தவர்களுக்கு அவர் வைத்திருந்த சொற்கள் வேறு. கைகொடுப்போம், தோள் கொடுப்போம், தூக்கி நிறுத்துவோம். இவை எல்லாம் "நாங்கள்" செய்வதைச் சொல்லும் சொற்கள் என்பதும், தூக்கி நிறுத்தப்படுகிறவன் அவற்றில் எங்கேயும் இல்லை என்பதும், நான் விழும்வரை எனக்கும் உறைக்கவில்லை. வீட்டுக்குள் நாங்கள் இப்படியா பேசுகிறோம்? "இதை ஒருக்கால் பிடி", "கொஞ்சம் வந்து நில்" என்போம். பிடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் ஒரு பேச்சு இருக்காது.

அன்றைக்கு அண்ணை என் கட்டிலின் ஓரத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "தம்பி, ஒண்டுக்கும் யோசியாதை. நாங்கள் இருக்கிறம். ஒன்றுகூடலுக்கு மட்டும் குடும்பத்தோடை கட்டாயம் வா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வெளிக்காற்றுப் பட்டால் நல்லதென்று நானும் போனேன்.

சின்னப் பிள்ளைகளின் நடனம் முடிந்து அடுத்தது பாட்டு என்று இருந்தோம். அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "வாழ்க்கைப் போராட்டத்தில் நிலைகுலைந்து நிற்கும் எங்கள் அன்புச் சகோதரன் ஒருவருக்குத் தோள் கொடுப்போம்" என்று தொடங்கியபோது, யாரோ பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு என் பெயர் வந்தது, முழுப்பெயர், ஊரில் எந்த வீட்டுக்காரன் என்பதோடு. "மேடைக்கு வரும்படி அன்போடு அழைக்கிறோம்." இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கமாய்ப் பிடித்துப் படியேற்றினார்கள். சங்கத்தின் தூண் ஒருவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இன்னொருவர் கையில் ஓர் உறையைத் திணித்தார். சனம் கை தட்டியது. என் மனைவி தன் மடியைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் என் மகன், எட்டு வயது, கதிரையின் மேல் ஏறி நின்று எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவன், "அப்பா, நீங்கள் என்ன வின் பண்ணினீங்கள்?" என்று கேட்டான். அந்த உறையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் என் மானத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருந்திருக்கும். கொடுக்கவில்லை. அடுத்த நாளே பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கினோம். அதற்குப் பிறகு கடையில் யார் கண்டாலும், "இப்ப எப்பிடி? தெம்பாய் இருங்கோ" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், எனக்குத்தான் உடம்பு கூசியது. இடுப்பு சுகமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் நான் ஒன்றுகூடலுக்குப் போகவில்லை. அண்ணையின் கடைப் பக்கமும் போகவில்லை.

பல வருடம் கழித்து அவருடைய கடை நொடித்துவிட்டதென்று கேள்விப்பட்டேன். புருஷனும் மனைவியுமாகக் குட்மேய்ஸில் ஓர் அறையில் இருக்கிறார்களாம். உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ, என்ன மனம் இது என்று மரக்கறி கொஞ்சம் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். கேட்க வேண்டிய கேள்விகளையும் வழி முழுக்க மனதுக்குள் கூர் தீட்டினேன்.

கதவைத் திறந்தவர் மெலிந்திருந்தார். நான் வாய் திறக்க முதலே அவர்தான் தொடங்கினார். "தம்பி, அண்டைக்கு உன்னை மேடைக்குக் கூப்பிட்டனான் எல்லே, சும்மா காசு குடுத்தால் பிச்சை மாதிரி இருக்கும் எண்டுதான். பொன்னாடையோடை குடுத்தால் மரியாதையாய் இருக்கும் எண்டு நினைச்சன்." தீட்டிக்கொண்டு வந்த கேள்விகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். சமையலறையில் மனைவி. "இப்ப எனக்கும் செய்யப் போகினமாம். ஒன்றுகூடலுக்குக் கட்டாயம் வரட்டாம். நீ கதைச்சு நிப்பாட்ட ஏலுமோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

புதிய செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். சின்னப் பெடியன், நல்ல உற்சாகம். "அது அவருக்கு ஒரு மரியாதை தானே அண்ணை? பொன்னாடையும் வாங்கியாச்சு" என்றான். வேறு வழியில்லாமல், மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை அவனிடம் சொன்னேன். படியேறியது, மகன் கேட்டது, உடம்பு கூசியது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்லக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"என்ன அண்ணை இப்பிடிச் சொல்லுறீங்கள்?" என்றான். "நீங்கள் சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள். அந்தப் படம் எங்கடை சங்கத்தின்ரை ஆண்டு மலரிலை வந்தது. அதைப் பாத்துத்தானே வருசா வருசம் ஆரையாவது மேடைக்குக் கூப்பிடுறம்."

சிரித்தேனா? புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லியிருப்பார், சிரித்திருப்பேன்.

அண்ணையை மேடையேற்றாமல் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். எனக்குப் பிறகு, அவருக்கு முன்னால், யார் யார் அந்தப் படிகளில் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் அவர்கள் கதவைத் தட்டி, "என்னுடைய சிரிப்பால் வந்தது, மன்னியுங்கோ" என்று சொன்னால், அவர்களை இன்னொரு முறை மேடையேற்றியதாகிவிடும். இப்போதும் கடைத்தெருவில் எங்கள் ஊர்க்காரர் யாராவது என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினால், இவரும் ஏறியவரோ என்று மனம் கேட்கும். நானும் பார்க்காதது போல நடந்துவிடுகிறேன்.