பூஜைக்குத் திறந்து வச்ச எண்ணெ பைப்பு

எங்க அண்ணன் பேரு பத்துமலை, அவருக்குப் பக்தி கொஞ்சம் ஓவர். அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன், இப்பவும் சொல்றேன். ஆனா இது அவரு கதை இல்ல. அவரு பொண்டாட்டி, என் அண்ணி குமுதாவோட கதை.

அண்ணி பத்து காஜா ஊருக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தது. அம்மா பால் மரம் வெட்டினவங்க, சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாங்க. தம்பி யுகேந்திரனை இடுப்புல தூக்கி வளர்த்தது அண்ணிதான். இப்போ அண்ணன், அண்ணி, நான் எல்லாரும் குனோங் ராபாட்டுல ஒரே வாடகை வீட்டுல இருக்கோம். அண்ணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை. போக வர ஒரு பழைய கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள்.

அந்த மோட்டாருக்கு ஒரு வியாதி. கார்புரேட்டர் உள்ள பெட்ரோலை நிறுத்துற ஊசி தேஞ்சு போச்சு. வண்டிய நிறுத்தினா, பெட்ரோல் எறங்குற எண்ணெ பைப்பைக் கையால மூடிடணும். மூடலன்னா பெட்ரோல் சொட்டுச் சொட்டா எஞ்சினுக்குள்ள எறங்கி நெறஞ்சிடும், அப்புறம் எவ்வளவு ஒதைச்சாலும் ஸ்டார்ட் ஆகாது. அண்ணி வீட்டுக் கதவைப் பூட்ட மறந்தாலும் அந்தப் பைப்பை மூட மறக்காது.

யுகேந்திரன் கண்ட பயலுங்களோட சேர்ந்து, போதைப் பொருள் கேஸுல ஜெயிலுக்குப் போனான். வெளிய விடுறது ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில. கடைசியா பாக்கப் போனப்ப அண்ணிகிட்ட சொல்லியிருக்கான்: "அக்கா, அவனுங்களும் கார் எடுத்துக்கிட்டு வாசலுக்கு வருவானுங்க. நீ முன்னாடியே வந்துடு. நீ இல்லன்னா நான் ஏறிடுவேன், எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல." அதை எங்கிட்ட சொல்லும்போது அண்ணி அழுதுச்சு. மறுபடி அந்தக் காருல ஏறினான்னா அவன நாங்க பொணமாத்தான் பாப்போம்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்டுல ஒரு வழக்கம். ஆயுத பூஜை ராத்திரி எதையும் மூடி வைக்கக்கூடாது, மூடினா பொழப்பு மூடிடுமாம். அரிசி டின், டூல்ஸ் பெட்டி, தையல் மிஷின் எல்லாத்தையும் திறந்து வச்சுப் பொட்டு வைக்கணும். இந்தத் தடவை எங்க அண்ணன் மோட்டாரைக் கழுவி, எண்ணெ பைப்பையும் திறந்து விட்டுட்டு, மேல சந்தனத்தை அப்பி வச்சுட்டாரு.

காலையில வாசல் பூரா பெட்ரோல் நாத்தம். மோட்டாருக்குக் கீழ ஈரம். அண்ணன் அதுக்குப் பக்கத்துல நின்னு, வண்டி கெளம்புறதுக்குச் சூடம் கொளுத்தத் தீக்குச்சிய எடுத்துட்டாரு.

"உரசாதீங்க," அப்படின்னுச்சு அண்ணி. கத்தல. அவரு கையிலேர்ந்து தீப்பெட்டியப் பிடுங்கி எங்கிட்ட குடுத்துச்சு. அப்புறம் சந்தனத்தை வழிச்சுப் பாத்துச்சு. பைப்பு திறந்து கெடக்கு.

"பூஜைக்குன்னு..." அண்ணன் இழுத்தாரு.

"பேசாதீங்க. நான் ஏதாச்சும் சொல்லிடுவேன்."

பைப்பை மூடிட்டு, வண்டிய ஈரத்துலேர்ந்து தள்ளி ரோட்டோரம் நிறுத்துச்சு. அண்ணன் சும்மா இருக்காம, "சோக்கை இழுத்துப் பாரேன்"னு கைய நீட்டினாரு. அந்தக் கைய அண்ணி தட்டி விட்டுச்சு. "ஏற்கனவே பெட்ரோல்ல முழுகிக் கெடக்கு. இன்னும் ஊத்தணுமா?"

நான் ஃபோன்ல கிராப் டாக்சி தேடினேன். எல்லாரும் வேலைக்குப் போற நேரம், ஒருத்தனும் எடுக்கல. அண்ணி சாவிய ஆஃப் பண்ணிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுச்சு. நனைஞ்சு வழியுது. ஆக்சிலேட்டரை முழுசாத் திறந்து பிடிச்சுக்கிட்டு ஒதைச்சுது. பிளக் இருந்த ஓட்டையிலேர்ந்து பெட்ரோல் பீச்சுது. எஞ்சின் எண்ணெய் குச்சிய உருவி மோந்து பாத்துச்சு. "பெட்ரோல் எண்ணெயில கலக்கல. பொழைச்சோம்." பிளக்கைத் தொடைச்சு மாட்டி, பைப்பு மூடினபடியே மறுபடி ஒதைச்சுது. ஒண்ணும் இல்ல. கிக்கர் எகிறி மொழங்காலுல அடிச்சு ரத்தம் வந்துச்சு, அது கவனிக்கவே இல்ல. அந்நேரம் ஜெயில்ல கேட்டைத் திறந்திருப்பாங்க.

ஒரு இருமல். அப்புறம் புகையக் கக்கிக்கிட்டு எஞ்சின் பிடிச்சுது. நல்லா ஓடுற வரைக்கும் உறுமவிட்டு, அப்புறம்தான் பைப்பைத் திறந்துச்சு. தனியா விட மனசு வராம நானும் பின்னாடி ஏறிட்டேன்.

வழி பூரா வண்டி விக்கிக்கிட்டே போச்சு. சிவப்பு விளக்குல எல்லாம் அண்ணி ஆக்சிலேட்டரை விடவே இல்ல. விட்டா எஞ்சின் செத்துடும்னு அதுக்குத் தெரியும்.

பத்து காஜாவுல ஜெயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் காரு நின்னுச்சு. பின்கதவு திறந்திருக்கு. யுகேந்திரன் உள்ள உக்காந்திருந்தான். ஒரு காலு மட்டும் இன்னும் தரையில இருந்துச்சு.

"யுகேன்," அண்ணி கூப்பிட்டுச்சு. எஞ்சின் சத்தத்துல கேக்கல. ஆக்சிலேட்டரைக் கொறைச்சா வண்டி நின்னுடும். கொறைக்கலன்னா தம்பிக்குக் கேக்காது. காரு ஓட்டுறவன் ஹாரன் அடிச்சான். அந்தக் காலும் மேல எழும்புச்சு.

அண்ணி ஆக்சிலேட்டரை விட்டுடுச்சு. அவ்வளவு பாடுபட்டு உயிர் குடுத்த எஞ்சின் பட்டுன்னு நின்னு போச்சு. வண்டிய எம்மேல சாச்சிட்டு, நொண்டிக்கிட்டே ரோட்டைத் தாண்டிப் போய்க் கார் கதவைப் பிடிச்சுது. கையெல்லாம் கரி, பாவாடையில ரத்தம். கார்ல இருந்தவனுங்க சிரிச்சானுங்க.

"எறங்குடா."

யுகேந்திரன் அக்காவைப் பாத்தான், என்னைப் பாத்தான். "எதுலக்கா போறது? மோட்டார் செத்துப் போச்சே."

"தள்ளுறதுக்குத்தான் உன்ன எறங்கச் சொல்றேன்."

ஹாரன் மறுபடி அடிச்சுது. அவன் அக்காவோட ரத்தக் காலைப் பாத்தான். அப்புறம் எறங்கி வந்து, எங்கிட்டேர்ந்து மோட்டாரை வாங்கித் தள்ள ஆரம்பிச்சான்.