தூக்கிக் காட்டிய கூடாரம்

மண்ணில் கம்பு ஊன்றி எதுவும் கட்டக் கூடாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சட்டம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறிப் பாத்தியில் பாடுபடுவது நான், மண் தோட்டத்துடையது. போன வருஷம் வைகாசி மழையில் என் தக்காளி முழுவதும் அழுகிப் போனது. இந்த வருஷம் விடுவதாக இல்லை. பொலித்தீன் கூடாரம் போடப் போகிறேன் என்று, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் நேராகவே போய்ச் சொன்னேன்.

"தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா போட்டுக்கம்மா. ஊன்றினா கட்டடம்னு சொல்லிருவாங்க" என்றார்.

கொட்டகலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் பொலித்தீன் வாங்கினேன். நானும் என் வீட்டுக்காரரும் பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்து மூங்கில் சட்டத்தில் கட்டினோம். காற்று அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க நாலு மூலையிலும் கல் மூட்டை. ஒரு குழிகூடத் தோண்டவில்லை.

"நம்ம லயம்தான் ஒழுகுது. பேசாம இதுக்குள்ள குடிபோயிரலாம்" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

செடிகள் வளர வளர, தரையில் சாயாமல் இருக்க ஒவ்வொரு தண்டையும் சணல் கயிற்றால் மேலே குழாயில் கட்டினேன். மொத்தம் இருபத்திரண்டு செடி. மழை பிடித்தது. அக்கம்பக்கத்துப் பாத்திகளில் தக்காளி அழுகியது. என் காய்கள் பழுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், கண்டாக்கையா வந்தார். முகமே சரியில்லை.

"நாளைக்கு மெனேஜர் துரை இந்தப் பக்கம் வர்றாரு. கட்டடம் கட்டியிருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க. இப்பவே தூக்கிக் காட்டும்மா. முடியலன்னா பிரிச்சிருங்க. இல்லாட்டி பாத்தியே போயிரும்."

வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அண்ணன்மார் மூன்று பேரும் மூலைக்கு ஒருவராக நின்றார்கள். கல் மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். குனிந்து சட்டத்தைப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கம்பு ஊன்றாத என் கூடாரத்தை இருபத்திரண்டு செடிகளும் மண்ணோடு பிடித்துக்கொண்டிருந்தன. தூக்கினால் அத்தனையும் வேரோடு வந்துவிடும்.

"இருங்கண்ணே, தூக்காதீங்க."

வீட்டுக்காரர் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கண்டாக்கையா மலையில் திரளும் மேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொரு கயிறாக அறுத்தேன். காய்ப் பாரத்தில் செடிகள் சரிந்தன. சில தண்டுகள் ஒடியும் சத்தம் கேட்டது. கடைசிக் கயிற்றையும் அறுத்துவிட்டு வெளியே வந்தேன்.

நாலு பேரும் கூடாரத்தைத் தூக்கி, ஓடைப் பக்கம் பத்து அடி நடந்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"சரி, இருக்கட்டும்" என்றார் கண்டாக்கையா. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, அக்கறையாகவே சொன்னார். "செடியெல்லாம் விழுந்து கிடக்குதேம்மா. எடுத்துக் கட்டுங்க."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் பாதி, கயிறுகளை மறந்துபோன என் மேல் பாதி.

ஒன்பது செடிகள் ஒடிந்திருந்தன. பச்சைக் காய்களை மடியில் பொறுக்கினேன். மழை மறுபடி பொலித்தீனில் விழத் தொடங்கியது. வீட்டுக்காரர் ஒரு கயிற்றை எடுத்துக் குழாயில் கட்டப் போனார்.

"அதுல வேணாம்" என்றேன்.

கவ்வாத்தில் வெட்டி விறகுக்கு வைத்திருந்த தேயிலை மிலாறுக் குச்சிகளில் நீளமானதாகப் பார்த்துப் பதின்மூன்று இழுத்து வந்தேன். மீதமிருந்த ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒன்றாக, தோட்டத்து மண்ணில் முழங்கை ஆழத்துக்கு ஊன்றினேன்.