முடக்கத்தான் சாறு

அம்மாவின் முகம் உருண்டு திரண்டு வந்தபோது அதை முதலில் கொண்டாடியவள் நான்தான்.

அசாம் ஜாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அம்மா உதிரிப்பழம் பொறுக்கினாள். குனிந்து குனிந்து இரண்டு முட்டிகளும் வீங்கிவிட்டன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது லயத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அப்பா கால்வாயோரத்து முடக்கத்தான் கீரையைப் பறித்து வந்து ரசம் வைத்துக் கொடுத்தார். மாதக்கணக்கில் குடித்தும் வலி கொஞ்சம்தான் குறைந்தது. கீரைக்கு அவசரம் தெரியாது.

மாமாவுக்குத் தெரியும். அம்மாவின் தம்பி அவர். ரவாங்கில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மூலிகை வியாபாரம். ஒருநாள் இலைப் படம் ஒட்டிய புட்டியோடு வந்தார்.

“அக்கா, இது சுத்தமான முடக்கத்தான் சாறுலா. பச்சிலதானே, என்னா கெடுதல் வந்துடப் போவுது?”

நான்காம் நாள், பள்ளி பஸ்ஸைப் பிடிக்க அம்மா என்னோடு ஓடி வந்தாள். மாமா எங்களுக்குக் கடவுளாகிவிட்டார். சில மாதங்களில் அம்மாவின் ஒட்டிய கன்னங்கள் உப்பி, முகம் வட்டமானது. பெரிய வீட்டு அம்மா மாதிரி இருக்கிறாய் என்று கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

ஒருமுறை கிளினிக்குக்குப் போனோம். நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலாய் அரைகுறை. பத்து வயது நான்தான் மொழிபெயர்ப்பாளர். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதே, நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறாரா என்று மிஸ்ஸி கேட்டார்.

“சொல்லாத புள்ள, கத்துவாங்க. நிறுத்தச் சொல்லிட்டா நான் எப்படி வேலைக்குப் போறது?”

“தாக் அடா,” என்றேன். இல்லவே இல்லை. அம்மா என் கையை மெல்ல அழுத்தினாள். வெளியே வந்ததும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள்.

தீபாவளிக்கு முன்பு மூன்று வாரம் மாமா வரவில்லை. புட்டி காலியானது. அம்மா வாந்தியெடுத்து, நிற்க முடியாமல் அடுப்படியில் விழுந்தாள். அப்பா லோரியோடு பத்தாங் காலிப் பக்கம் போயிருந்தார். தோட்டத்து மேற்பார்வையாளர் மண்டோர்தான் எங்களைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே இளம் டாக்டர் ஒருவர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அழகைப் பார்க்கிறார் என்று எனக்குப் பெருமை. முட்டி வலிக்கு வெளியில் வாங்கிய மருந்து உண்டா என்று மலாயில் கேட்டார். அம்மாவுக்கு நாக்கு குழறியது. “தாக் அடா,” என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அப்பா காலிப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். டாக்டர் தலையை ஆட்டினார். சாற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள், வலி பறந்ததும் முகம் வீங்கியதும் அதனால்தான், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, நேற்றே தெரிந்திருந்தால் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரும் நம்பித்தான் விற்றாராம். இருக்கலாம். அவர்மேல் உள்ள ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அதைவிட என்னைத் தின்பது வேறொன்று. டாக்டரிடம் நான் இரண்டாம் முறை இல்லை என்றபோது, அம்மா என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். கிளினிக்கில் செய்தது போலவே மெச்சுகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்தபடி அவள் கையைத் திருப்பி அழுத்தினேன்.