மீன் பெட்டியில் வயர்லெஸ்: இரணியல் முதல் குழித்துறை வரை

என் நண்பன் ஞானதாஸ் இரண்டு முறை சிதறால் மலையேறி, கையில் வயர்லெஸ் செட்டோடு என் குரலுக்காகக் காத்திருந்து, இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். நாங்கள் இருவரும் உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஓடும் ரயிலிலிருந்து அவனோடு பேசிவிட வேண்டும் என்பது என் ஆசை. அவனுக்கோ மூட்டுவலி. இந்த முறையும் சொதப்பினால் இனி எந்த மலைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். போன சனிக்கிழமை மூன்றாவது முயற்சி.

நாகர்கோவிலிலிருந்து குழித்துறைக்கு பாசஞ்சரில் பத்து ரூபாய். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ரயில்வே அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருந்தேன். ரயில் பெட்டியிலுள்ள பிளக் செல்போனுக்கானது, அதைத் தொடவில்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, அதன் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ். ஏரியலை ஜன்னலுக்கு உள்ளேயே கட்டினேன். வெளியே விரலளவுகூட நீட்டக் கூடாது. மேலே ரயில் மின்கம்பியில் ஓடுவது இருபத்தைந்தாயிரம் வோல்ட். அது நம் உரிமத்தையெல்லாம் கேட்காது.

இதுவரை சரி. பிறகுதான் என் மூளை வேலை செய்தது. செட்டும் பேட்டரியும் குலுங்காமலிருக்க, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும் தெர்மகோல் மீன் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் வெளியே.

இரணியலில் மீன்கூடையோடு ஏறி எதிரே அமர்ந்தவர் பிலோமினா அக்கா. பெட்டியைப் பார்த்ததுமே என்ன மீன் என்று விசாரித்தார். வயர்லெஸ் என்றேன். நம்பவில்லை. விலை கூடிய நெய்மீனை ஒளித்துக் கொண்டுபோகிறேன் என்று பக்கத்துப் பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

சிதறால் மலைமேல் காத்திருந்த ஞானதாசை அழைத்தேன். அரை வார்த்தை வந்தது, செட் அணைந்தது. மைக் வயரை இழுத்துப் பார்த்தேன், ஏரியலை ஆட்டினேன், ரயில்வேயைத் திட்டினேன். பள்ளியாடி ஸ்டேஷனும் போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம், அக்கா மூடியைத் தூக்கிவிட்டார்.

"மீனக் காணேல்ல மக்களே. சோறு வடிச்சது போல அனலுல்லா அடிக்குது."

குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டை மட்டும் விடுமா? செட் வெந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. அக்கா முந்தானையால் விசிற, மெல்ல உயிர் வந்தது. மைக்கை அழுத்தி அழைத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ அக்காவிடம் சாளை மீன் விலை கேட்க, அவர் உரக்கச் சொன்னார்.

"தெளிவா கேக்குது மக்கா," என்றான் ஞானதாஸ். "ஆரு அங்க, சாளைக்கு வெல சொல்லுகது?"

குழித்துறை வரும்வரை பேசினோம். அங்கிருந்து சிதறாலுக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். நல்ல பாறைப்படிகள், தண்ணீர் கொண்டுபோங்கள். செட்டை மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடை போதும். பேட்டரியைத் தனியாகக் கட்டி வையுங்கள். சூடு தெரிந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டத்தில் ஞானதாஸ் எழுந்து, அந்த அக்காவுக்கு உரிமம் எடுத்துக் கொடுப்போம், இவன் பெட்டி சுமக்கட்டும் என்றான். எல்லாரும் சிரித்து முடித்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே என் பக்கம் குனிந்தான்.

"அடுத்தது எந்த மலை?"