வேலியோரப் பனிக்குவியல்

ஊரார் எல்லாரும் வாசலில் விழுந்த பனியை வாரி வெளியே எறிவார்கள். ஒரிசியா மட்டும் அந்தப் பனியை வாரித் தன் நாற்றுகளின் மேல் போடுவாள். கனடாவின் மானிட்டோபாவில் நாற்றுப்பண்ணை வைத்துப் பிழைக்கிறவளுக்குப் பனிதான் போர்வை. ஆப்பிள் கன்றின் கிளை எந்தக் குளிரையும் தாங்கிக்கொள்ளும், வேர்தான் தாங்காது. அதிலும் தொட்டியில் இருக்கிற வேரைக் குளிர் நாலு பக்கமும் கடிக்கும். பாவமாயிருக்கிறதே என்று வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால், வசந்தம் வந்துவிட்டதாக நம்பித் தளிர் விட்டுச் செத்துப்போகும். ஆகவே இலை உதிர்ந்ததும் தொட்டிகளைச் சாய்த்துப் படுக்கவைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டுப் பனிக்குக் காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் ஒரிசியா வைக்கோல் போடவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வயல் எலிகள் வைக்கோலுக்குள் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, கன்றுகளின் பட்டையைச் சுற்றிச் சுற்றித் தின்றுவிட்டுப் போயிருந்தன. அந்த எரிச்சல் அவளுக்கு அடங்கவே இல்லை.

"எலிக்கு மெத்தையும் போட்டு, விருந்தும் வைக்கணுமா? பனி மட்டும் போதும்," என்றாள் கணவன் பெட்ரோவிடம்.

"பனி வரலைன்னா?"

"இந்த ஊர்ல பனி வராமலா? வேற வேலை இருந்தா பாரு."

பனி வரவில்லை. உக்ரைன் வழிவந்த அவர்களுக்குப் பழைய காலண்டர்ப்படி ஜனவரியில் கிறிஸ்துமஸ் வந்தது. கோதுமையும் கசகசாவும் தேனும் போட்ட கூத்யாவைச் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரை பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. ஆனாலும் குளிர் இன்னும் மிதமாக இருந்ததால் ஒரிசியா தெம்பாகத்தான் இருந்தாள். அந்த வாரச் சனிக்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள்: நாளை இரவு முதல் மைனஸ் முப்பத்தைந்து. தன் கையாலேயே ஒட்டுக்கட்டி மூன்று வருஷம் வளர்த்த கன்றுகள் அவை. போனால் பண்ணையை மூடிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். வைக்கோலுக்கு அலைந்தாள். மாட்டுக்காரர்கள் தங்கள் மாடுகளுக்கே போதவில்லை என்று கையை விரித்தார்கள்.

"ஊர்ல ஒரே ஒரு இடத்துல பனி இருக்கு," என்றான் பெட்ரோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும். வாயை மூடு."

அந்த இடம் ஐஸ் ஹாக்கி அரங்கம். பண்ணையின் வேலிக்கு அந்தப் பக்கம் அதுதான். ஆட்டத்தின் இடைவேளைகளில் பனித்தளத்தைச் சீவும் வண்டியை ஓட்டுகிறவன் வசில். ஒரிசியாவின் மகளுக்கு ஞானத்தந்தை அவன்தான். அந்த உறவில் அவன் அவளைக் கூமா என்பான், அவள் அவனைக் கூம் என்பாள். சீவிய பனியை வருஷக்கணக்கில் அவன் அவளுடைய வேலியோரம்தான் கொட்டிவந்தான். மலையாகக் குவிந்த பனி கோடை வரை கரையாது. கரைந்தால் அவளுடைய நாற்றங்காலெல்லாம் சேறு. போன இலையுதிர் காலத்து ஊர்க்கூட்டத்தில் ஒரிசியா எழுந்து, "என் வேலியோரம் இனிமே ஒரு கரண்டிப் பனிகூட விழக்கூடாது!" என்று முழங்கி, ஊரைத் தலையாட்ட வைத்தாள். அன்றிலிருந்து வசில் பனியை டிராக்டரில் ஏற்றி ஊர்க்கோடியில் இருக்கும் சரளைக் குழிக்குக் கொண்டுபோனான். அவள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மறக்காமல் ஹார்ன் அடித்தான்.

அன்று மத்தியானம் பையன்களின் ஆட்டம் இருந்தது. உருளைக்கிழங்கைப் பிசைந்து உள்ளே வைத்து வேகவைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டி ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஒரிசியா அரங்கத்துக்குப் போனாள். இடைவேளை. வசில் வண்டியின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"வா கூமா! வழி தவறி வந்துட்டியா?"

"சாப்பிடு, சூடா இருக்கு."

"உன் கையால கொழுக்கட்டையா? அப்போ விஷயம் பெருசுதான்."

"எனக்குப் பனி வேணும், கூம்."

"என்ன வேணும்? மெஷின் சத்தத்துல காதுல விழல."

"பனி!"

"ஒரு கரண்டியா?"

அவள் பல்லைக் கடித்தாள். வசில் கொழுக்கட்டையை மென்றபடியே அறிவிப்பாளரின் மேடையைக் கைகாட்டினான். "மைக்குல சொல்லு. ஊரைக் கூட்டித்தானே வேண்டாம்னே? ஊரைக் கூட்டியே கேளு."

மானம் கப்பலேறத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டே ஒரிசியா மேடை ஏறினாள். கன்றுகளை நினைத்துக்கொண்டாள். "எல்லாரும் கேளுங்க. வசிலோட பனி மாதிரி பனி இந்த மாகாணத்துலயே கிடையாது. அது எனக்கு வேணும். கரண்டிக் கணக்குல இல்ல, மலைக் கணக்குல வேணும்!"

அரங்கம் அதிரச் சிரித்தது. எதிர் அணியின் ஆட்கள்கூட மட்டையால் தரையைத் தட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், பிள்ளைகளை அழைத்துப் போக வந்த பெற்றோர்கள் தங்கள் வண்டிகளோடு சரளைக் குழிக்கு ஓடினார்கள். ஒரிசியா முன்னால் ஓடி வேலியின் கதவைத் திறந்தாள். வெளியே வசிலின் டிராக்டர் ஏற்கெனவே பனி நிரம்பி நின்றிருந்தது.

"இதை எப்போ ஏத்தினே?"

"காலைல. வானொலி எனக்கும்தானே பாடுது."

"அப்புறம் எதுக்கய்யா என்னை மைக்குல ஏத்தினே?"

"அது என் சந்தோஷத்துக்கு," என்றான் வசில்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு எல்லாரையும் விரட்டினாள். சீவிய பனி கெட்டியானது, அதை அப்படியே அமுக்கினால் போர்வையாகாது. "மெத்துனு தூவுங்கடா! காங்க்ரீட்டா போடறீங்க?" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கடைசி வரிசைக்கு வரும்போது பனி தீர்ந்துவிட்டது. அங்கே வீட்டிலிருந்த கம்பளி, பழைய கோட்டு, பெட்ரோவின் மீன்பிடிக் கூடாரம் எல்லாவற்றையும் போட்டு மூடினார்கள்.

வசந்தத்தில் துணியை விலக்கியபோது வசிலும் வந்து நின்றான். ஒரிசியா ஒரு கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. அடுத்ததிலும் பச்சை. வரிசை வரிசையாகப் போய்க் கடைசி வரிசையில் சுரண்டினாள், பழுப்பு. கம்பளியும் கோட்டும் கூடாரமும் சேர்ந்து அந்த ஒரு வரிசையைக் காப்பாற்றவில்லை. அவள் காய்ந்த கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டியிலிருந்து பிடுங்கினாள்.

"என் பனி பத்தலை," என்றான் வசில், தப்பு தன்னுடையது போல.

அந்த இலையுதிர் காலத்தில் வைக்கோல் வந்து இறங்கியது, எலிப்பொறிகளோடு. ஊர்க்கூட்டத்தில் ஒரிசியா மறுபடி எழுந்தாள். இவள் இந்தத் தடவை எதைத் தடை செய்யப் போகிறாளோ என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

"போன வருஷம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பனியைப் பழையபடி என் வேலியோரமே கொட்டணும்."

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "ஒரு கரண்டி விழலாமா, கூமா?"

"ஒரு கரண்டி விடாம, கூம்!"