கப்பலிலா, கரையிலா

தம்பி பிரான்சுக்கென்றுதான் புறப்பட்டான். ஏஜென்சிக்காரன் அவனை ரஷ்யாவில் இறக்கிவிட்டான். அங்கே பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள். கடைசியாக அனுப்பிய குரல்பதிவில், பால்டிக் கரையில் ஒரு துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிறோம், பாதிப்பேரைக் கப்பலோடு அனுப்புவார்கள், மீதிப்பேரை எல்லைச் சண்டைக்கு, எனக்கு எது விழுமோ தெரியாது என்றான். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாய் அந்தத் துறைமுகம் எரிகிற படம் என் போனுக்கு வந்துவிட்டது. கப்பலொன்று சரிந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் எல்லையிலும் கடும் அடிபாடு என்றார்கள். எல்லைக்குப் போயிருந்தால் கப்பலில் இருந்திருக்க மாட்டான், கப்பலில் இருந்தால் எல்லையில் இல்லை என்று இரண்டு செய்தியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஷெல்லடிக்குள் வளர்ந்தவளுக்கு இதென்ன புதிதா என்று கேட்பீர்கள். புதிதில்லைதான். ஆனால் அப்போது சத்தமாவது கேட்டது.

சுருவில் என்கிற எங்கள் ஊர் சின்னது. கதை பரவ எவ்வளவு நேரம் செல்லும்? பின்னேரம் சனம் வந்து முற்றத்தில் குந்தத் தொடங்கிவிட்டது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா கேத்தில் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நாளைக்கு நயினாதீவுக் கோயிலுக்குப் போவதை விட்டுவிடும், சாவுத் துடக்கோடு போகக்கூடாது என்று பெரியப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் ஊர்காவற்றுறை மீன்காரர் எங்கள் வீட்டடியில் ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்துபோனார். செத்தவீட்டுக்கு மீன் ஆகாது என்று அவருக்கும் தெரியும். அம்மா எழும்பிப் படலைக்கு ஓடினாள்.

"அண்ணை, நில்லுங்கோ. மீன் தாங்கோ."

"இண்டைக்கு வெள்ளியெல்லே, அக்கா?" வெள்ளியில் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுத்துப் பழக்கமில்லாத மனிசன்.

"என்ரை பிள்ளை சாகேல்லை. தாங்கோ."

அவர் மறுபேச்சில்லாமல் மீனை நிறுத்துக் கொடுத்தார். அம்மா வெட்டினாள், அடுப்பு மூட்டினாள், புளிவிட்டுக் குழம்பு வைத்தாள். மணம் முற்றமெல்லாம் போயிற்று. சிலர் எழும்பிப் போனார்கள். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சோற்றுப் பானையையும் குழம்பையும் வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடுங்கோ என்றாள். ஒருவரும் அசையவில்லை. நானும்தான்.

ஒரு வெள்ளி விரதமும் விடாத பக்கத்து வீட்டு அக்கா எழும்பி வந்து, முதல் ஆளாகச் சோற்றுக்குக் கோப்பையை நீட்டினாள்.